பதினாறாவது நகர்த்தல்: டிராகன் தற்காப்பில் தோற்ற ஒரு சதுரங்க ஆட்டத்தின் ஆய்வு

பின்னணி

கருப்புக் காய்களை ஆடியவன் என்னிடம் நான்கு வருடமாகப் பயிற்சி பெறும் பதினாறு வயது மாணவன். வெள்ளை ஆடியவர் அவனைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், ரேட்டிங்கிலும் (ஆட்ட வலிமையைக் காட்டும் எண்) கொஞ்சம் மேலே. ஒன்பது சுற்று ஸ்விஸ் போட்டியில் (யாரும் வெளியேறாமல், ஒத்த புள்ளி உள்ளவர்கள் மோதும் முறை) ஆறாவது சுற்று. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் இங்கே தேவைப்படாது.

தோல்வி புதிய விஷயம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் "இங்கேதான் போனது" என்று மூன்று வெவ்வேறு நகர்த்தல்களைக் காட்டினோம். மூன்றுமே உண்மையான இடம் இல்லை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

தொடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளையின் இ4-க்கு சி5 என்று கருப்பு பதில் சொல்லும் சிசிலியன் தற்காப்பில் டிராகன் என்ற வகை இது. கருப்பு தன் பிஷப்பை ஜி7-இல் வைக்கிறது (பலகையின் நெடுங்கோடுகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்). அங்கிருந்து அது பலகையின் குறுக்கே பி2 வரை பார்த்துக்கொண்டிருக்கும். வெள்ளை ராஜா ராணிப்பக்கம் போய் உட்காரும்போது அந்தப் பார்வை நேராக அவர்மேல் விழும். அதே பிஷப்தான் கருப்பு ராஜாவின் வாசலில் நிற்கும் காவல்காரனும். ஒரே காய்க்கு இரண்டு வேலை என்பதால் வெள்ளை முதலில் குறிவைப்பதும் அதைத்தான். பிஷப் இ3, எஃப்3, ராணி டி2, ராணிப்பக்க கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது), பிறகு எச் சிப்பாயைத் தள்ளி கோட்டைத் திறப்பது, பிஷப்பை எச்6-க்குக் கொண்டுவந்து காவலை மாற்றிக்கொள்வது. யூகோஸ்லாவ் தாக்குதல் என்று இதற்குப் பெயர். 1958-இல் போர்ட்டோரோஸில் பாபி ஃபிஷர் லார்சனை இந்த வழியில் வென்ற ஆட்டத்தைப் பார்த்தால், கருப்பு ராஜா எவ்வளவு சீக்கிரம் திக்கற்றுப் போகும் என்பது புரியும்.

அப்படியிருந்தும் இதை ஆடுகிறார்கள், ஏனென்றால் கருப்புக்கும் அதே அளவு தாக்குதல் உண்டு. 1995 உலகப் பட்டப் போட்டியில் ஆனந்துக்கு எதிராக காஸ்பரோவ் 11-ஆவது ஆட்டத்தில் டிராகனை எடுத்து வென்றார். என் மாணவன் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் டிராகன் வேண்டும் என்று வந்தான். ஆசையோடு வருபவனைத் தடுக்க மனம் வரவில்லை. முக்கிய வரிசைகளை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நகர்த்தல்கள் மட்டும் இருந்த தாள் அது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

முதல் பதினைந்து நகர்த்தல்கள்

கட்டங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒவ்வொரு எண்ணுக்கும் முதலில் வெள்ளையின் நகர்த்தல், அடுத்தது கருப்பினுடையது; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கருப்பின் நகர்த்தல். × என்றால் அடிப்பது, காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்.

1.இ4 சி5 2.குதிரை எஃப்3 டி6 3.டி4 சி×டி4 4.குதிரை×டி4 குதிரை எஃப்6 5.குதிரை சி3 ஜி6 6.பிஷப் இ3 பிஷப் ஜி7 7.எஃப்3 கேஸ்லிங் 8.ராணி டி2 குதிரை சி6 9.பிஷப் சி4 பிஷப் டி7 10.ராணிப்பக்க கேஸ்லிங் யானை சி8 11.பிஷப் பி3 குதிரை இ5 12.எச்4 குதிரை சி4 13.பிஷப்×சி4 யானை×சி4 14.எச்5 குதிரை×எச்5 15.ஜி4 குதிரை எஃப்6.

பன்னிரண்டாவதில் எச்5 என்று சிப்பாயை முன்னால் வைத்து அடைப்பது இன்னொரு வழி. சோல்டிஸ் வரிசை என்பார்கள், காஸ்பரோவ் எடுத்ததும் அதுதான். நாங்கள் பழைய வழியில் போனோம். வெள்ளை ஒரு சிப்பாயைக் கொடுத்து எச் கோட்டைத் திறந்திருக்கிறது. கருப்பிடம் ஒரு சிப்பாய் கூடுதல், சி கோட்டில் யானை இறங்கி நிற்கிறது. இது வரைக்கும் எல்லாம் தெரிந்த பாதை.

நகர்த்தலோடு கடிகார நேரத்தையும் தாளில் குறித்துக்கொள்ள உலக சதுரங்க அமைப்பான ஃபிடேயின் விதி அனுமதிக்கிறது. எங்கள் பயிற்சியில் அதைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறோம். இந்த ஆய்வுக்கு அந்தக் குறிப்புதான் பெரிய உதவி. பதினைந்தாவது நகர்த்தல் முடிந்தபோது அவன் கடிகாரத்தில் 91 நிமிடம். தொடங்கியதைவிட ஒரு நிமிடம் அதிகம்.

பதினாறாவதும் பதினேழாவதும்

அவன் எதிர்பார்த்தது 16.பிஷப் எச்6. அதற்குத் தாளில் பதில் இருந்தது: பிஷப் இ3-ஐ விட்டு நகர்ந்ததும் டி4 குதிரையின் பிடி தளரும், உடனே குதிரை×இ4, அப்புறம் சி3-இல் யானையைக் கொடுத்துப் பிளப்பது, பின்னால் ராணி ஏ5. அந்த வரிசையை அவன் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவான்.

வெள்ளை ஆடியது 16.டி4-குதிரை இ2.

பார்ப்பதற்குப் பின்வாங்கல் மாதிரி இருக்கும். மையத்தில் நின்ற குதிரையை எடுத்து ராஜாவுக்குப் பக்கத்தில் வைப்பதுபோல. ஆனால் இந்த ஒரு நகர்த்தல் சி3 குதிரைக்கு இன்னொரு காவலைக் கொடுத்துவிடுகிறது. டிராகனில் கருப்பின் பெரிய ஆயுதம் சி3-இல் யானையைப் பலி கொடுத்து வெள்ளை ராஜாவின் சிப்பாய்களை உடைப்பது. இப்போது அங்கே யானையால் அடித்தால் இ2 குதிரை எடுத்துக்கொள்ளும், சிப்பாய்கள் அப்படியே இருக்கும். அடி விழுவதற்கு முன்பே வெள்ளை அதற்குக் கேடயம் பிடித்தாயிற்று. அதற்கப்புறம்தான் பிஷப் எச்6 வரும்.

1974-இல் மாஸ்கோவில் கார்ப்போவுக்கும் கோர்ச்னாய்க்கும் நடந்த, உலக சாம்பியனோடு மோதுபவரைத் தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் இதே நிலை வந்தது. அந்தப் போட்டியில் வென்ற கார்ப்போவ் அடுத்த வருடம், ஃபிஷர் பட்டத்தைக் காக்க வராததால், உலக சாம்பியன் ஆனார். அந்த இரண்டாவது ஆட்டம் 27 நகர்த்தலில் முடிந்தது. வெள்ளை ஆடியவருக்கு அது தெரிந்திருந்தது. என் மாணவனுக்குத் தெரியாது. நான் காட்டவில்லை.

அவன் மூன்று நிமிடம் யோசித்தான். 16...ராணி ஏ5 ஆடினான்.

ஏன் என்று பிறகு கேட்டேன். "அந்த வரிசையில் கடைசியில் ராணி ஏ5-க்குத்தானே சார் போகும். அவர் பிஷப்பை நகர்த்தவில்லை, அதனால் ராணியை முதலிலேயே கொண்டுபோய் வைத்தால் நேரம் மிச்சம் என்று நினைத்தேன்" என்றான். கோர்ச்னாய் மாதிரி ஒருவரே அன்று ஆடிய நகர்த்தல் அது. மோசமான நகர்த்தல் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. ஆனால் அவன் யோசித்தது தன் ராணியைப் பற்றி. எதிராளியின் பிஷப் அடுத்து எங்கே வரும் என்ற கேள்வி அந்த மூன்று நிமிடத்தில் எழவே இல்லை.

17.பிஷப் எச்6. இப்போது கருப்பால் என்ன செய்ய முடியும்? பிஷப் எச்8-க்கு ஒதுங்கினால் எஃப்8-இல் நிற்கும் யானை விழும். ஒதுங்காமல் இருந்தால் வெள்ளை ஜி7-இல் அடித்துவிட்டு ராணியை எச்6-க்குக் கொண்டுவரும். ஆகவே 17...பிஷப்×எச்6 18.ராணி×எச்6. அவன் இதற்கு ஒரு நிமிடம்தான் எடுத்தான், வேறு வழியில்லை என்று நினைத்தான். யானையைக் கொடுத்து பிஷப்பைக் காப்பாற்றுவது பற்றி விவாதிக்கலாம். கருப்பிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கிறது, டிராகன் பிஷப் உயிரோடு இருக்கும். ஆனால் பதினாறு வயதில், பெரிய எதிராளிக்கு எதிரே, யானையை விட்டுக்கொடுக்கக் கை வராது. அதில் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

முடிச்சு இறுகியது

18...யானை எஃப்-சி8 19.யானை டி3. வெள்ளை ராணி எச்6-இல், யானை எச்1-இல், இரண்டும் எச்7 சிப்பாயைப் பார்க்கின்றன. அங்கே கருப்புக்கு ராஜாவைத் தவிர ஒரே காவல் எஃப்6 குதிரை. அதை விரட்டினாலோ மாற்றிக்கொண்டாலோ ராணி×எச்7, ராஜா எஃப்8, ராணி எச்8, மேட் (ராஜா தப்பவே முடியாத முடிவு). இனி வரும் எல்லாமே இந்த ஒரு குதிரையைப் பற்றியதுதான்.

பார்வையாளர் கயிற்றுக்கு வெளியே இருந்து பார்த்தேன். பதினெட்டாவது வரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து, இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, கட்டை விரலால் காதை அடைத்துக்கொண்டான். அந்த நிலையில் 34 நிமிடம் இருந்தான். பதினாறுக்கு மூன்று நிமிடம், பத்தொன்பதுக்கு முப்பத்துநான்கு. ஆய்வு செய்தபோது என்னை நிறுத்திவைத்த எண்கள் இவைதான். அபாயத்தை அவன் உணர்ந்தது, தேர்வுகள் பெரும்பாலும் தீர்ந்துபோன பிறகு.

19...யானை சி4-சி5. வெள்ளைக் குதிரை டி5-க்கு வருவதைத் தடுப்பதும், ஐந்தாம் வரிசையில் ராணிக்குத் துணை நிற்பதும் நோக்கம். காரணம் நியாயமானது, அதை அவன் தெளிவாகவே சொன்னான்.

20.ஜி5. சிப்பாயைச் சும்மா கொடுக்கிறார். குதிரை எச்5-க்குப் போனால் வெள்ளைக் குதிரை எஃப்4-க்கு வரும், அதை அடித்தால் எச் கோடு திறந்து மேட். அதனால் 20...யானை×ஜி5. அடுத்தது 21.யானை டி5. இதைப் பார்த்ததும் அவன் காதிலிருந்து கையை எடுத்துவிட்டான். குதிரையால் அந்த யானையை அடித்தால் எச்7 போய்விடும், மேட். யானையால் அடிக்கலாம், அப்போது வெள்ளைக் குதிரை டி5-க்கு வந்துவிடும். எதைத் தடுக்க 34 நிமிடம் செலவழித்தானோ, அந்தக் கட்டத்துக்கே குதிரை வந்து உட்கார்ந்தது.

21...யானை×டி5 22.குதிரை×டி5 யானை இ8. இ7-ஐக் காக்க யானை இறங்கியாக வேண்டும். கடிகாரத்தில் 11 நிமிடத்துக்குச் சற்று மேல். 23.குதிரை இ2-எஃப்4.

இங்கே கோர்ச்னாய் பிஷப்பை சி6-க்குக் கொண்டுபோனார். அதற்குக் கார்ப்போவ் 24.இ5 என்று பதில் சொன்னார். எஃப்6-இல் அடித்துவிட்டுக் குதிரையை எச்5-க்கு உடனே கொண்டுவந்தால் கருப்பு ராணி ஐந்தாம் வரிசையில் ஓடி ஜி5-இல் செக் கொடுத்துத் தப்பிக்கும். அந்த வரிசைக்குக் குறுக்கே ஒரு சிப்பாயை வைத்துக் கதவைச் சாத்தியது அந்த நகர்த்தல். அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

என் மாணவன் ஏழு நிமிடம் யோசித்து 23...பிஷப் இ6 ஆடினான். 24.குதிரை×இ6 எஃப்×இ6 25.குதிரை×எஃப்6 செக், இ×எஃப்6 26.ராணி×எச்7 செக், ராஜா எஃப்8 27.ராணி×பி7. யானை எச்8-இல் மேட் மிரட்டல். 27...ராணி ஜி5 செக் 28.ராஜா பி1 யானை இ7. தப்பித்துவிட்டதுபோல ஒரு கணம் தோன்றியது. ஆனால் 29.ராணி பி8 செக், ராஜா ஒதுங்க முடியாது: எஃப்7-க்குப் போனால் யானை எச்7-இல் மேட், ஜி7-க்குப் போனால் ராணி எச்8-இல் செக் கொடுத்துவிட்டு அதே யானை எச்7-இல் மேட். 29...யானை இ8 30.ராணி×ஏ7 யானை இ7 31.ராணி பி8 செக், யானை இ8 32.ராணி×டி6 செக். ராணி மேலே போய் ஒரு செக், கீழே வந்து ஒரு சிப்பாய். கருப்பு யானை இ7-க்கும் இ8-க்கும் நடுவே அலைந்தபோது பி7, ஏ7, டி6 மூன்றும் போயின. ராணிப்பக்கம் வெள்ளைக்கு மூன்று சிப்பாய்கள் தடையில்லாமல் நின்றன. இன்னும் சில நகர்த்தல்கள் ஆடிவிட்டுக் கைகொடுத்தான்.

மூன்று கருத்துகள்

ஆட்டம் முடிந்ததும் வெள்ளை ஆடியவர் பெருந்தன்மையோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். "தம்பி, ஜி5 சிப்பாயை எடுத்ததுதான் தப்பு" என்றார் அவர். நான் 19...யானை சி5-ஐக் காட்டினேன். மாணவன் 23...பிஷப் இ6 என்றான், நேரம் இருந்திருந்தால் வேறு கண்டுபிடித்திருப்பேன் என்றான்.

எஞ்சினை (நகர்த்தல்களைக் கணக்கிடும் சதுரங்க மென்பொருளை) திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். திறந்திருந்தால் ஓர் எண்ணும் ஒரு நகர்த்தலும் கிடைத்திருக்கும், ஏன் என்பது கிடைத்திருக்காது. பதிலாக ஒவ்வொரு நிலையையும் பலகையில் வைத்து, அதிலிருந்து கருப்பை மாறி மாறி ஆடிப் பார்த்தோம். 23-இல் வைத்தோம், தோற்றோம். 20-இல் வைத்தோம், தோற்றோம். 19-இல் வைத்தபோது சற்று மூச்சு விட முடிந்தது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் எஃப்6 குதிரையைக் காப்பதே வேலையாக இருந்தது. எதிர்த்தாக்குதலுக்கு நேரமே கிடைக்கவில்லை. டிராகன் ஆடுபவன் வெறும் காவல் மட்டும் காக்கும்படி ஆகிவிட்டால் அப்புறம் அது டிராகனே இல்லை.

இரண்டாவது வாரம் அவனே கேட்டான்: "சார், அந்த பிஷப் இருந்திருந்தால் இந்த மேட் எதுவுமே இல்லையே?" சரி, அப்படியானால் பிஷப்பை எப்போது இழந்தோம்? 17-இல். 17-இல் வேறு வழி ஏன் இல்லை? யானை எஃப்8-இல் நின்றதால். அது அங்கே நிற்காமல் இருக்க எப்போது நகர்ந்திருக்க வேண்டும்?

16...யானை இ8. புத்தகங்களில் இருக்கும் நகர்த்தல்தான், நாங்கள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. யானை ஒரு கட்டம் விலகுகிறது, அவ்வளவுதான். இப்போது 17.பிஷப் எச்6 வந்தால் 17...பிஷப் எச்8. அடிக்க யானை இல்லை, மாற்றிக்கொள்ள பிஷப் கிடைக்காது. வெள்ளையின் முழுத் திட்டமும் ஒரு பிஷப் மாற்றத்தில் தொங்குகிறது என்று புரிந்தவனுக்கு இந்த நகர்த்தல் தானே தோன்றும். ராணி ஏ5 தாக்குதல்போலத் தெரிந்தது, ஆனால் அது தேர்வைப் பறித்தது. யானை இ8 ஒதுங்குவதுபோலத் தெரிகிறது, தாக்கும் காயைக் காப்பாற்றுவது அதுதான்.

என் பங்கு

அந்த இரண்டு பக்கத் தாளை எடுத்துப் பார்த்தேன். 16.பிஷப் எச்6-க்குக் கீழே ஐந்து வரி. 16.குதிரை இ2-க்குக் கீழே ஒன்றுமில்லை. விட்டுப்போனது ஒரு வரிசை என்றால் சேர்த்துவிடலாம். அந்தத் தாளில் எந்த நகர்த்தலுக்கும் காரணம் எழுதியிருக்கவில்லை, அதுதான் பெரிய குறை. ராணி ஏன் ஏ5-க்குப் போகிறது என்று எழுதியிருந்தால், சி3 உடைந்த பிறகு ஏ2-வைப் பிடிக்கத்தான் போகிறது என்பது தெரிந்திருக்கும். சி3 உடையாதபோது அந்த அவசரம் இல்லை என்றும் அவனுக்கே பட்டிருக்கும். அவன் நினைவாற்றல் நன்றாகவே வேலை செய்தது. நான் நினைவுக்கு மட்டும் தீனி போட்டிருந்தேன்.

மாற்றியவை

டிராகனை விட்டுவிடலாமா என்று அவன் பெற்றோர் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஒரு தோல்வியில் தொடக்கத்தை மாற்றினால் அடுத்த தொடக்கத்திலும் இதே மாதிரி ஒரு பதினாறாவது நகர்த்தல் காத்திருக்கும்.

புதிய தாளை அவனையே எழுதச் சொன்னேன். பன்னிரண்டாவது நகர்த்தலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எதிரே, வெள்ளை இப்போது என்ன செய்ய விரும்புகிறது என்று ஒரு வரி. பதினொரு பக்கம் ஆனது. 16.குதிரை இ2 நிலையிலிருந்து பத்து பயிற்சி ஆட்டங்கள் ஆடினோம், ஐந்தில் அவன் வெள்ளை. வெள்ளையாக ஆடியபோதுதான் ஜி7 பிஷப் எவ்வளவு எரிச்சலூட்டும் காய் என்பது அவனுக்கு உறைத்தது.

இன்னொரு ஒழுங்கும் வைத்தோம். எதிராளி தாளில் இல்லாத நகர்த்தலை ஆடினால், அது எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தாலும், அந்த இடத்தில் குறைந்தது பத்து நிமிடம். இதை இன்னும் முழுதாக நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். சில ஆட்டங்களில் வெறுமனே நேரம் போகிறது. ஆனால் மூன்று நிமிடத்துக்கும் முப்பத்துநான்குக்கும் இடையே இருந்த இடைவெளியைக் குறைக்க வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

பின்பு நடந்தது

மூன்று மாதம் கழித்து வேறொரு போட்டியில், வேறொரு எதிராளி, அதே பதினைந்து நகர்த்தல்கள், அதே 16.குதிரை இ2. அவன் 11 நிமிடம் எடுத்து 16...யானை இ8 ஆடினான். 17.பிஷப் எச்6 பிஷப் எச்8 18.இ5 குதிரை×ஜி4 19.எஃப்×ஜி4 பிஷப்×இ5 20.பிஷப் எஃப்4 ராணி ஏ5. ஒரு குதிரைக்கு மூன்று சிப்பாய்கள், டிராகன் பிஷப் மையத்தில். ராணி அதே ஏ5 கட்டத்துக்கே வந்தது, இந்த முறை நான்கு நகர்த்தல் தாமதமாக, காரணத்தோடு. 41-ஆவது நகர்த்தலில் ஒரே நிலை மூன்று முறை வந்து ஆட்டம் சமன் ஆனது.

வெளியே வந்ததும் அவன் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. "பிஷப் எச்6-க்கு வராமல் 17-லேயே இ5 தள்ளியிருந்தால் சார்?" என்றான். ஜி4-இல் குதிரையைக் கொடுத்து, எஃப்×ஜி4-க்குப் பிறகு டி7 பிஷப்பால் ஜி4-ஐ எடுப்பது ஒரு பதில். அது போதுமா என்று பார்க்க வேண்டும். பலகையை எடுத்து வைத்தோம்.